அசைவைப் பிடித்தல்: வாசகர் கேள்வி – பதில்

இயங்கு சிற்பங்களைப் பற்றியும், அசைவைச் சிலையிலும் ஒளிப்படத்திலும் காட்டுவதைப் பற்றியும் வந்திருந்த கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் சென்றதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இயங்கு கலை என்று எதைச் சொல்கிறார்கள்? அசைவதெல்லாம் கலை என்றால் மின்விசிறியையும் சிற்பம் என்று சொல்லிவிடலாமே?

மின்விசிறி காற்றைத் தருவதற்காகச் சுழல்கிறது. சுழலாமலே காற்றுத் தரும் ஒரு கருவி கிடைத்தால் அதன் சுழற்சியை யாரும் தேடப் போவதில்லை. இயங்கு கலையில் பார்ப்பதற்காகவே அசைவு வைக்கப்படுகிறது. கல், வெண்கலம் என்பவற்றோடு அசைவும் ஒரு மூலப்பொருளாகச் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கருத்தை வெளிப்படையாக அறிவித்தவர்கள் நௌம் காபோ, அந்துவான் பெவ்ஸ்னர் என்ற சகோதரர்கள். சிற்பம் அசையாமல் நிற்க வேண்டும் என்ற எண்ணம் எகிப்தியர் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மயக்கம் என்று 1920இல் மாஸ்கோவில் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டுகளில் காபோ செய்த ஒரு படைப்பு இதற்கு நேரான சான்று. ஒரே ஓர் எஃகுக் கம்பி செங்குத்தாக நிற்கிறது. அடியில் ஒரு மின்மோட்டார். மோட்டாரை ஓட்டியதும் கம்பி அதிர்ந்து, கண்ணுக்கு ஒளி ஊடுருவும் ஒரு நெளிந்த உருவமாக விரிகிறது. மோட்டாரை நிறுத்தினால் உருவம் போய்விடும், கம்பி மட்டும் மிஞ்சும். அந்தச் சிற்பத்துக்கு எடை இல்லை, தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் அகலமும் உயரமும் உண்டு.

இதற்கும் முன்பே, 1913இல், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷான் ஒரு முக்காலியின் மேல் மிதிவண்டிச் சக்கரத்தைப் பொருத்தி வைத்தார். அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது என்பதுதான் பின்னாளில் அவர் சொன்ன விளக்கம். ஒரு தலைமுறை கழித்து, 1955இல், பாரிஸில் தெனீஸ் ரெனே காட்சிக்கூடத்தில் அசைவை மட்டுமே பொருளாகக் கொண்ட கண்காட்சி நடந்தபோதுதான் இது தனிப் போக்காக ஏற்கப்பட்டது.

கேள்வி: அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் மொபைல்களில் (கம்பிகளில் தகடுகள் தொங்கி அசையும் சிற்பங்கள்) ஒரு பக்கம் ஒரே ஒரு பெரிய தகடு, மறுபக்கம் ஐந்தாறு சிறு தகடுகள் என்று தொங்குகின்றன, ஆனாலும் சாய்வதில்லை. இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டுமா? நானும் ஒன்று செய்து பார்க்க விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

அடியிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து தொடங்குகிறவர்கள் பாதியில் கைவிடுவதற்குக் காரணம், கீழே ஒரு தகட்டை மாற்றினால் மேலே உள்ள எல்லாக் கம்பிகளின் சமநிலையும் கலைந்துவிடும் என்பதே. அடிக் கம்பியைச் சமன்செய்து முடித்த பிறகு, அது முழுவதையும் ஒரே எடையாகக் கருதி அடுத்த கம்பியின் ஒரு முனையில் மாட்ட வேண்டும்.

கணக்கு எளியது. 40 செ.மீ. நீளக் கம்பியின் ஒரு முனையில் 30 கிராம் தகடும் மறுமுனையில் 10 கிராம் தகடும் இருந்தால், கனமான தகட்டிலிருந்து 10 செ.மீ. தொலைவில் தொங்கவிட வேண்டும். முப்பதைப் பத்தால் பெருக்கினாலும் பத்தை முப்பதால் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். ஆனால் கம்பிக்கும் எடை உண்டு என்பதைப் புதிதாகச் செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கம்பி 8 கிராம் என்றால் தொங்கும் புள்ளி 10 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 11.7 செ.மீ.க்கு நகர்ந்துவிடும். இவ்வளவு துல்லியமாக எழுதினாலும் செய்யும்போது எவரும் தாளைப் பார்ப்பதில்லை. விரல்மேல் கம்பியை வைத்து, நகர்த்தி நகர்த்தி, நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வளையம் போடுவதுதான் வழக்கம். வளையம் போடக் கம்பியை வளைக்கும்போதே நீளம் சிறிது குறையும் என்பதால், இரு முனைகளிலும் ஒரு விரற்கடை மிச்சம் விட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கம்பி நேராக இருந்து, வளையமும் அதே கோட்டில் அமைந்தால், தட்டிவிட்ட நிலையிலேயே மொபைல் சாய்ந்து நின்றுவிடும், திரும்பி வராது. கம்பியை மெல்ல வில்லாக வளைத்து, இரு முனைகளும் வளையத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி செய்தால், எடையின் மையம் தொங்கும் புள்ளிக்குக் கீழே போய்விடும். பிறகு எவ்வளவு ஆட்டினாலும் பழைய நிலைக்கு வந்து சேரும். வளைவு கூடினால் ஆட்டம் விறைப்பாகவும் விரைவாகவும் இருக்கும். குறைந்தால் சோம்பலாக, நீண்டு ஆடும். ஒரு மொபைலின் குணம் பெரும்பாலும் இந்த வளைவில்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

கால்டர் 1919இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். 1930இல் பாரிஸில் மோந்திரியானின் ஓவியக்கூடத்துக்குப் போனவர், சுவரில் ஒட்டியிருந்த வண்ணச் செவ்வகங்களைப் பார்த்து, இவை அசைந்தால் நன்றாக இருக்குமே என்றாராம். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே மிக விரைவானது என்று மோந்திரியான் மறுத்துவிட்டாராம். அடுத்த ஆண்டே கால்டரின் அசையும் படைப்புகளுக்கு மொபைல் என்ற பெயரைத் துஷான் சூட்டினார். அந்தத் தொடக்கக் காலப் படைப்புகளில் பல மோட்டாராலும் கைப்பிடியாலும் இயங்கின. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றும் அந்த மோட்டார்களைக் கைவிட்டு, அறையில் எழும் வெப்பக் காற்றுக்கும் ஆள் நடக்கும் அசைவுக்கும் அவர் வேலையை ஒப்படைத்த பிறகுதான் கால்டர் கால்டரானார்.

கேள்வி: விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை திறந்திருக்கும் நேரம்) நடனத்தைப் படமெடுக்கிறேன். ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்கள் கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள்போல் தெரிகிறார்கள். என்ன குறை?

குறை கூர்மையில்தான் இருக்கிறது. அசைவு என்பது ஒரு கணத்துக்குள் அடங்கும் பொருள் அன்று. ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் உள்ள வேறுபாடு அது. வேறுபாட்டை முற்றிலும் நீக்கிவிட்டால், காற்றில் நிற்கும் கால் குதித்ததா, கம்பியில் தொங்கவிடப்பட்டதா என்று படத்தைப் பார்ப்பவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் துன்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பெரும்பாலோர் குதிப்பின் உச்சியில்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். உச்சியில் உடல் மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. உச்சியைத் தொடுவதற்கு அறுபதில் ஒரு பங்கு விநாடி முன்பிருந்து அதே அளவு பின்பு வரை உடல் ஏறி இறங்கும் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே அந்த இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேவையே இல்லை. முப்பதில் ஒரு பங்கில் எடுத்தாலும், நேர்மேலாகக் குதித்தவரின் இடுப்பும் தலையும் ஓரளவு தெளிவாகவே விழும், கைவிரல்களும் உடையின் ஓரமும் கூந்தலும் மட்டும் கலங்கும். தெளிந்த உடலும் கலங்கிய ஓரங்களும் ஒரே படச் சட்டத்துக்குள் சேரும்போது பார்ப்பவர் தாமாகவே அசைவை ஊகித்துக்கொள்கிறார். ஷட்டரை அறுபதுக்கும் முப்பதுக்கும் இறக்கிப் பாருங்கள். பல படங்கள் வீணாகும், ஆனால் தேறுகிற ஒன்றில் ஆட்டம் இருக்கும்.

கேள்வி: கேமரா உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, சிற்பி தன் விருப்பப்படி மாற்றுகிறான். அப்படியானால் அசைவைக் காட்டுவதில் கேமராதானே உண்மையானது?

இந்த வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தபோது, குதிரைகள் முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னுமாக நீட்டி, வயிறு தரையைத் தொடுவதுபோல் பறந்தன. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் ஓடுதளத்தில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுதளத்துக்குக் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு போகும்படி செய்து படமெடுத்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருந்தன. ஓவியர்கள் பொய் வரைந்தார்கள் என்று ஏளனம் எழுந்தது.

பிரெஞ்சுச் சிற்பி ஓகஸ்த் ரோதன் இதற்குத் தலைகீழாகப் பதில் சொன்னார். ஓவியர் சொல்வதே உண்மை, ஒளிப்படம்தான் பொய் சொல்கிறது, ஏனெனில் காலம் நிற்பதில்லை என்பது 1911இல் எழுத்தாளர் போல் க்செல் பதிவுசெய்த அவருடைய வாதத்தின் சாரம். ஜெரிக்கோவின் குதிரையில் பின்கால் உந்துவது ஒரு கணம், முன்கால் நீள்வது அதற்கடுத்த கணம்; பார்வை வாலிலிருந்து தலைக்குப் போகும் நேரத்தில் குதிரையும் ஓடிவிடுகிறது. ரோதன் தம் சிற்பத்திலும் இதையே செய்தார். 1878இல் அவர் முடித்த புனித யோவான் சிலை நடந்துகொண்டிருக்கிறது; ஆனால் இரண்டு பாதங்களும் முழுவதுமாகத் தரையில் பதிந்திருக்கின்றன. நடந்து பாருங்கள்: முன்பாதம் முழுமையாகப் பதியும்போது பின்பாதத்தின் குதிகால் எழுந்திருக்கும். இரு பாதங்களும் பதிந்த நடை எந்த ஒளிப்படத்திலும் கிடைக்காது. பின்காலில் தொடங்கிய எடை முன்காலுக்கு மாறும் நேரம் முழுவதையும் அவர் ஒரே உடலில் வைத்துவிட்டார்.

சோழர் கால நடராஜர் செப்புப் படிமங்களின் ஒளிப்படங்களைக் கண்டு ரோதன் 1913இல் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 1921இல் அச்சாயின. அவர் ஏன் ஈர்க்கப்பட்டார் என்பது வியப்பளிக்கவில்லை. விரிசடை இருபுறமும் பறக்கும் படிமங்களைப் பாருங்கள்: தூக்கிய திருவடியும் முயலகன் மேல் ஊன்றிய காலும் அசைக்க முடியாத சமநிலையில் இருக்கின்றன, முகத்தில் சலனமே இல்லை, சடையும் இடைக்கச்சும் மட்டும் சற்று முன் நடந்த சுழற்சியின் வேகத்தில் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. உடலுக்கு ஒரு நேரம், சடைக்கு ஒரு நேரம். எனவே உங்கள் கேள்விக்கு என் விடை: கேமரா ஒரு கணத்துக்கு உண்மையாக இருக்கிறது, அசைவுக்கு உண்மையாக இருப்பது வேறு வேலை, அதற்குச் சிற்பியைப் போலவே படமெடுப்பவரும் தந்திரம் செய்தாக வேண்டும்.

கேள்வி: இத்தாலியச் சிற்பி போச்சோனியின் நடக்கும் மனிதன் சிலை ரோதனின் வழியில் வந்ததுதானா?

இல்லை, அவர் வேறு பக்கம் போனார். உம்பெர்த்தோ போச்சோனி 1913இல் செய்த அந்த உருவத்தில் தசையைவிடக் காற்றே அதிகம். உடல் கிழித்துக்கொண்டு போகும் காற்றின் மடிப்புகள் தொடையிலும் கெண்டைக்காலிலும் இறக்கைபோல் நீண்டிருக்கின்றன. ஒளிப்படத்தின் கலங்கலைச் சிலையாக்கியதுபோல் தோன்றினாலும், போச்சோனிக்கும் அவர் தோழர்களுக்கும் அந்த ஒப்பீடு பிடிக்காது. நீண்ட ஷட்டரில் அசைவைப் படமெடுத்த பிரகாலியாவோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று அதே ஆண்டில் அறிவிப்பே வெளியிட்டார்கள். இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் வெண்கல உருவத்தை அவர் கண்டதில்லை. அவர் வைத்திருந்தது சுண்ணச் சாந்து உருவம். 1916இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்த பிறகே வெண்கல வார்ப்புகள் வந்தன. இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தின் ஒரு பக்கத்தில் அந்த உருவத்தைப் பார்க்கலாம்.

கேள்வி: ஓடுகிறவர், நடக்கிறவர், மிதிவண்டி – எதற்கு எந்த ஷட்டர் வேகம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? பேனிங் (அசைவதைக் கேமராவால் பின்தொடர்ந்து திரும்பியபடி எடுப்பது) செய்யும்போது எனக்கு எல்லாமே கலங்குகிறது.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடக் கலங்கலை அளக்கக் கற்றுக்கொள்வது பயன்படும். மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் விநாடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறார். பதினைந்தில் ஒரு பங்கு விநாடியில் அது 9 செ.மீ., ஆயிரத்தில் ஒரு பங்கில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் முப்பதில் ஒரு பங்கில் 27 செ.மீ. போய்விடுவார். சட்டத்தின் அகலம் காட்சியில் 4 மீட்டரைக் காட்டினால் அந்த 9 செ.மீ. படத்தின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் சற்று மேல். கலங்கல் தெரியும், ஆளும் தெரிவார். ஓடுபவரின் 27 செ.மீ. ஆளையே கரைத்துவிடும். எவ்வளவு கரைய வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். தம் எதிரே நேராக வருகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கலங்கல் மிகக் குறைவு.

உடலின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி. கேமராவை அசைக்காமல் பதினைந்தில் ஒரு பங்கில் நடப்பவரை எடுத்தால், தரையில் ஊன்றிய பாதம் கூர்மையாக விழும். வீசிச் செல்லும் மறுகால் புகைபோல் மறைந்துவிடும். சக்கரமும் அப்படியே. தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, உச்சிப் புள்ளி வண்டியின் வேகத்தைப் போல் இருமடங்கில் விரைகிறது. ஆகவே படத்தில் கீழ்ப்பகுதியின் ஆரங்கள் எண்ணக்கூடியவையாகவும் மேற்பகுதியின் ஆரங்கள் வெறும் சாயலாகவும் இருக்கும். அதே மிதிவண்டியைக் கேமராவால் பின்தொடர்ந்து எடுத்தால், மேலும் கீழும் ஒன்றுபோலவே கலங்கி, அச்சு மட்டும் தெளிவாக நிற்கும். ஒரு சக்கரத்தின் படத்தைப் பார்த்தே, எடுத்தவர் கேமராவைத் திருப்பினாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பேனிங்கில் எல்லாமே கலங்குகிறது என்றால், பொத்தானை அழுத்தும்போது நீங்கள் திரும்புவதை நிறுத்திவிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். பாதங்களைப் படமெடுக்கப் போகும் இடத்தை நோக்கி வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் வண்டி வரும் திசைக்குத் திரும்பி, அங்கிருந்தே பின்தொடர்ந்து வாருங்கள்; அழுத்திய பின்பும் திரும்பிக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் மிதிவண்டிக்கு அறுபதில் ஒரு பங்கு, கை பழகியதும் முப்பதில் ஒரு பங்கு.

கேள்வி: செல்பேசியில் சுழலும் விசிறியை எடுத்தால் இறக்கைகள் வாழைப்பழம்போல் வளைகின்றன. செல்பேசியில் கோளாறா?

கோளாறு இல்லை, அது படத்தை எடுக்கும் முறையே அப்படித்தான். செல்பேசியின் உணரி (சென்சார்) முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடைப்பட்ட நேரத்தில் இறக்கை நகர்ந்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று பலரும் நம்புகிறார்கள். கூட்டினால் ஒவ்வொரு வரியும் கூர்மையாகும், வளைவு அப்படியேதான் இருக்கும்.

இது பழைய கதைதான். 1910களின் தொடக்கத்தில், பதின்வயதைத் தாண்டாத ழாக் ஆன்றி லார்த்தீக் எடுத்த கார்ப் பந்தயப் படத்தில் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கிறது, பின்னால் நிற்கும் பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். அவருடைய கேமராவில் ஒரு குறுகிய இடைவெளி ஒளிப்படத் தகட்டின் குறுக்கே நகர்ந்து, காட்சியின் கீழ்ப்பகுதியை முதலிலும் மேற்பகுதியைக் கடைசியிலும் பதிந்தது. அதற்குள் கார் முன்னேறியதால் சக்கரத்தின் மேற்பகுதி முன்னே போயிற்று. காரைத் தொடர்ந்து அவர் கேமராவைத் திருப்பியதால் நின்றவர்களின் தலைகள் பின்னே போயின. அதன்பின் பல்லாண்டுகள் கேலிச்சித்திரக்காரர்கள் விரையும் வண்டியைக் காட்ட இப்படியே சாய்ந்த சக்கரம் வரைந்தார்கள். பிழை என்று நீக்கத் துடிப்பதற்கு முன், உங்கள் வளைந்த இறக்கையை எதற்காவது பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: பால்துளி விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் படத்தை எடுக்க மிக விலையுயர்ந்த கேமரா வேண்டுமா?

வேண்டாம். அந்தப் படத்தை 1957இல் எடுத்த ஹரால்ட் எட்ஜர்டன் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். அங்கே வேலை செய்தது ஷட்டர் அன்று, ஒளி. அறையை இருட்டாக்கி, ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்து, ஃபிளாஷ் மட்டும் மின்னினால், அந்த மின்னல் நீடிக்கும் நேரமே படம் பதியும் நேரம். சாதாரண ஃபிளாஷிலும் திறனைக் குறைக்கக் குறைக்க மின்னல் சுருங்கும். மிகக் குறைந்த திறனில் அது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒளி போதாமல் போகும் என்பதால் ஃபிளாஷைத் துளிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். கடினம் நேரத்தைப் பிடிப்பதில்தான்: துளி ஓர் ஒளிக்கற்றையை மறித்ததும், குறித்த இடைவெளிக்குப் பின் ஃபிளாஷ் மின்னும்படி சிறு மின்சுற்று ஒன்று அமைப்பது வழக்கம்.

எட்ஜர்டன் ஒரே படத்தில் பலமுறை மின்னவிட்டு எடுத்த படங்களே என்னை அதிகம் கவர்கின்றன. 1880களில் எத்தியென் ழூல் மாரே, கறுப்பு உடையில் வெள்ளைக் கோடுகள் இட்ட மனிதனைக் கறுப்புத் திரைக்கு முன் நடக்கவிட்டு, ஒரே தகட்டில் பல கணங்களைப் பதிந்ததன் தொடர்ச்சி அவை.

கேள்வி: இயங்கு சிற்பத்தை ஒளிப்படமாக எடுப்பது எப்படி? கண்காட்சிக்காக எடுத்த படங்களில் அவை அசையாத சிற்பங்களாகவே தெரிகின்றன.

முதலில் சிற்பத்தின் ஒரு சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன காபோவின் கம்பியை ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் வளைந்த கம்பி ஒன்று கிடைக்கும். அவர் செய்த சிற்பம் படத்தில் இருக்காது. அரை விநாடி திறந்து வைத்தால் உருவம் முழுமையாக வரும். ஆக, ஷட்டர் ஒரு முழு அதிர்வைவிடவாவது நீண்டிருக்க வேண்டும். கால்டரின் மொபைல் போன்றவை மெதுவாகவும் ஒழுங்கின்றியும் திரும்புவதால் நீண்ட ஷட்டரில் மங்கிப் போய்விடும். அவற்றுக்கு ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று நிலைகளைப் பதியும் முறை நன்றாகப் பொருந்தும். ஒளி அதிகமான இடத்தில் நீண்ட ஷட்டருக்கு என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) தேவைப்படும். சிற்பத்தின் நிலையான பகுதி ஒன்று, தூணோ பீடமோ, கட்டாயம் சட்டத்துக்குள் இருக்கட்டும். அது கூர்மையாக நின்றால்தான் மற்றது அசைந்தது என்று தெரியும், இல்லையென்றால் உங்கள் கை நடுங்கியது என்றே நினைப்பார்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்காக வெளியில் நிற்கும் காற்றுச் சிற்பம் செய்தேன். மெல்லிய காற்றில் அசைவதே இல்லை. பலத்த காற்றில் வெறிகொண்டு சுழல்கிறது.

அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கியின் படைப்புகளைத் தேடிப் பாருங்கள். நீண்ட எஃகு அலகுகள் வானத்தைக் கீறுவதுபோல் மிக மெதுவாகச் சாயும். அலகு தாங்குபுள்ளிக்கு மேலே நீண்டிருக்கும். கீழே, கண்ணுக்குப் படாமல், ஈய எடை. கீழ் எடை மேல் எடையைவிடச் சிறிதளவே மிகுந்திருந்தால், திரும்பி வரும் விசை மிகச் சிறியது. அதனால் ஒரு மெல்லிய காற்றுக்கும் அது அசையும், ஆனால் சோம்பலாகத் திரும்பும். உங்கள் சிற்பத்தில் எதிரெடை மிகுதியாக இருக்கலாம், அல்லது பேரிங் இறுகியிருக்கலாம். பேரிங்கின் கிரீஸை மாற்றி மெல்லிய எண்ணெய் இட்டு முதலில் பாருங்கள். பிறகு எதிரெடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பலத்த காற்றில் சுழல்வதைத் தடுக்க, அலகு ஒரு எல்லைக்கு மேல் சாயாதபடி ரப்பர் தடுப்பு வைப்பது கட்டாயம்; பார்வையாளர்கள் நிற்கும் இடத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: டச்சுக் கலைஞர் தியோ யான்சனின் ‘கடற்கரை விலங்குகள்’ என்ற நடக்கும் சிற்பங்களுக்கு மோட்டார் உண்டா?

இல்லை. 1990 முதல் அவர் நெதர்லாந்தின் கடற்கரைகளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மின்குழாய்களால் செய்துவரும் அவை காற்றால் நடக்கின்றன. காலின் பதினொரு நீளங்களின் விகிதத்தை அவர் கணினியின் துணையால் கண்டுபிடித்தார். அந்த விகிதத்தால்தான் பாதம் தரையில் இருக்கும் நேரத்தில் மேலும் கீழும் துள்ளாமல் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது.

கேள்வி: அசையும் சிற்பம் தேயும்தானே? அருங்காட்சியகங்கள் என்ன செய்கின்றன?

தேயும், இந்தக் கலையின் பெரிய சிக்கல் அதுதான். ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாகி 1930இல் முடித்த ஒளிக்கருவியின் மூலப்படைப்பு ஹார்வர்டில் இருக்கிறது. காட்சிக்காக ஓட்டுவதற்கு 1970இல் பிரதிகள் செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில், இயந்திரச் சிற்பங்கள் செய்த ழான் தாங்கெலியின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சிறிது நேரம் ஓடும், பிறகு ஓய்வெடுக்கும். மோட்டாரை மாற்றலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேகமும் ஒலியும் மாறாதவரை மாற்றலாம் என்பேன். பழைய மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகச் சிற்பத்தை நிறுத்தி வைப்பது, வீணையை உறையிலேயே வைத்துப் போற்றுவது போன்றது. தாங்கெலி ஒருமுறை இந்தச் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிட்டார்: 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் அவர் நிறுவிய மாபெரும் இயந்திரம், அரைமணி நேரத்துக்குள் தன்னைத் தானே சிதைத்துக்கொண்டது. இடையில் தீப்பிடிக்கவே, தீயணைப்பு வீரர் தலையிட வேண்டியதாயிற்று.

கேள்வி: நான் செய்த சுழலும் சக்கரச் சிற்பம் வீடியோவில் பின்னோக்கிச் சுழல்கிறது. எப்படித் தவிர்ப்பது?

உங்கள் சக்கரத்தில் பன்னிரண்டு ஆரங்கள் என்றும், வீடியோ விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் விநாடிக்கு இருமுறை சுற்றினால், ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் ஆரம் முந்தைய ஆரத்தின் இடத்துக்குச் சரியாக வந்துவிடும். சக்கரம் நின்றதுபோல் தெரியும். வேகம் 1.9 சுற்றாகக் குறைந்தால் ஆரம் 30 பாகைக்குப் பதில் 28.5 பாகையே நகர்கிறது. கண் அதை ஒன்றரைப் பாகை பின்வாங்கியதாக எடுத்துக்கொள்கிறது. மோட்டாரின் வேகத்தைச் சிறிது மாற்றினாலோ, விநாடிக்கு 60 சட்டத்தில் எடுத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டும் முடியாதென்றால் ஒரே ஓர் ஆரத்துக்கு மட்டும் வேறு நிறம் பூசிவிடுங்கள்; எது எங்கே போனது என்று கண் பின்தொடர அதுவே போதும்.